அவார்டு பயாஸ் 4.51பிஜி: நீலத் திரையில் எதைத் தொடலாம், எதை விடலாம்

பென்டியம், பென்டியம் 2, தொடக்கக் கால பென்டியம் 3 மதர்போர்டுகள் பலவற்றில் ஒரே முகம்தான் எதிர்ப்படும். நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, இரண்டு பத்தியாக மெனு. அதுதான் அவார்டு பயாஸ் 4.51பிஜி. பயாஸ் என்பது சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடி வன்பொருளைத் தயார் செய்யும் நிரல், அதன் அமைப்பை மாற்றும் திரைதான் செட்டப். 1998இல் அவார்டு நிறுவனம் ஃபீனிக்ஸோடு இணைந்த பிறகு, சிறு மாற்றங்களோடு 6.00பிஜி என்ற எண்ணில் இதே திரை தொடர்ந்தது. பழைய டாஸ் விளையாட்டுகளுக்காகவோ, ஐஎஸ்ஏ என்ற பழைய வகைக் கார்டு ஸ்லாட் இல்லாமல் வேலை செய்யாத ஏதோ ஒரு கருவிக்காகவோ இப்படிப்பட்ட கம்ப்யூட்டரை இன்றைக்கும் ஓட்டுகிறவர்களுக்காக இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். செட்டப் வேகமானது, உறுதியானது, விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முடிக்கலாம். ஆனால் பெயர் வைத்த விதமும் உதவிக் குறிப்பும் மோசம். எஃப்1 அழுத்தினால் பல இடங்களில் கிடைப்பது எனேபிள்டு, டிசேபிள்டு என்ற இரண்டு சொற்கள்தான். அவை ஏற்கெனவே திரையில் இருக்கின்றன! எதை மாற்றினால் என்ன ஆகும் என்று அது வாயே திறக்காது. மொத்தத் தேர்வுகளில் பாதிக்கு மேல் வாழ்நாள் முழுக்கத் தொடத் தேவையில்லாதவை. தொட்டே ஆக வேண்டிய பத்துப் பன்னிரண்டு மட்டும் அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கின்றன.

உள்ளே நுழைய, ரேம் எண்ணிக்கை ஓடும்போது டெலீட் விசை. ஏஎம்ஐ பயாஸுக்கும் இதேதான். ஃபீனிக்ஸ் என்றால் பெரும்பாலும் எஃப்2, பழைய காம்பாக்கில் எஃப்10, ஐபிஎம்மில் எஃப்1. எல்சிடி மானிட்டர் கண் விழிப்பதற்குள் நேரம் கடந்துவிடுவது வழக்கம் என்பதால், சுவிட்சைப் போட்டதுமே டெலீட்டைத் தட்டத் தொடங்குவது நல்லது. யூஎஸ்பி விசைப்பலகை முதல்முறை வேலை செய்யாமல் போகலாம். யூஎஸ்பி கீபோர்டு சப்போர்ட் என்ற தேர்வு இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அதை இயக்க உள்ளே போக வேண்டும், உள்ளே போக விசைப்பலகை வேண்டும். ஆகவே ஒரு பிஎஸ்/2 விசைப்பலகை கையில் இருக்கட்டும். ஏடி வகை போர்டு என்றால் பெரிய ஐந்து முள் டின் பிளக் வேண்டியிருக்கும்.

பேட்டரிதான் முதல் வேலை

செட்டப்பில் எதை மாற்றினாலும் அது தங்குவது கடிகாரச் சிப்போடு சேர்ந்திருக்கும் சின்னஞ்சிறு சிமாஸ் நினைவகத்தில். இந்தக் காலத்துப் போர்டுகளில் அதன் கொள்ளளவு பெரும்பாலும் 128 பைட் அல்லது 256 பைட்தான். மின்சாரம் இல்லாத நேரத்தில் அதைக் காப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி. மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். கடிகாரம் பின்தங்குவது முதல் அறிகுறி. "சிமாஸ் செக்சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட்" என்று திரையில் வருவது அடுத்த கட்டம். அப்போது போட்ட அமைப்பு எல்லாம் போய்விட்டது என்று பொருள்.

இன்னும் பழைய போர்டுகளில் நாணய பேட்டரிக்குப் பதில் இரண்டு வகை இருக்கும். டல்லஸ் டிஎஸ்1287 போன்ற கருப்புக் கட்டியில் பேட்டரி உள்ளேயே மூடப்பட்டிருக்கும். அது தீர்ந்தால் சிப்பையே மாற்ற வேண்டும். இன்னொன்று பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி. அது கசிந்தால் வெளியேறும் காரம் போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். நன்றாக வேலை செய்தாலும் அதை வெட்டி எடுத்துவிடுவதே நல்லது. காரத்தை வினிகரால் தணித்து, பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

சிமாஸை அழிக்க ஜம்பர் இருக்கும். வழக்கமாக 1-2 சாதாரண நிலை, 2-3 அழிக்கும் நிலை. இருந்தாலும் போர்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஏடிஎக்ஸ் பவர் சப்ளை என்றால் மின் கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டுத்தான் ஜம்பரைத் தொட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டிருக்கும். அழித்த பிறகு ஜம்பரைத் திரும்ப 1-2க்கு மாற்ற மறக்கக் கூடாது. போர்டு செத்துவிட்டது என்று ஒதுக்கப்படுகிறவற்றில் ஜம்பர் அழிக்கும் நிலையிலேயே கிடப்பதும் உண்டு. ரேம் அல்லது சிபியு வேகத்தை அதிகம் வைத்து இயங்காமல் போனால், ஜம்பரைத் தேடும் முன் இன்ஸர்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாம். அவார்டு பயாஸ் பலவற்றில் அதுவே பாதுகாப்பான அமைப்புக்குத் திரும்பிவிடும்.

இரண்டு டிஃபால்ட், ஒரு குழப்பம்

முதன்மை மெனுவில் லோட் பயாஸ் டிஃபால்ட்ஸ், லோட் செட்டப் டிஃபால்ட்ஸ் என்று இரண்டு. பெயரைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடிகிறவர் யாரும் இருக்க முடியாது. முதலாவது, எப்படியாவது கம்ப்யூட்டர் எழுந்து நின்றால் போதும் என்ற மெதுவான அமைப்பு. கோளாறு தேடும்போது மட்டும் பயன்படும். இரண்டாவது, போர்டு தயாரிப்பாளர் அன்றாடப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைத்த அமைப்பு. பிந்தைய பதிப்புகளில் ஃபெயில்-சேஃப், ஆப்டிமைஸ்டு என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். அந்தப் புத்தி முன்பே வந்திருக்கலாம்.

சரியான வரிசை இதுதான்: பேட்டரி மாற்றியதும் லோட் செட்டப் டிஃபால்ட்ஸ், பிறகு தேதி, நேரம், டிஸ்க், பிறகு எஃப்10 அழுத்திச் சேமித்து ஒருமுறை முழுதாக இயக்கிப் பார்ப்பது. அதன்பின் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டுத் திரை இருண்டால், எது காரணம் என்று கண்டுபிடிக்க ஐந்தையும் திரும்ப அவிழ்க்க வேண்டியிருக்கும். டிஃபால்ட் ஏற்றுவது ஸ்டாண்டர்டு சிமாஸ் பக்கத்தைத் தொடாது. தேதியும் டிஸ்க் விவரமும் அப்படியே இருக்கும்.

இந்த செட்டப்பில் மனதாரப் பாராட்ட வேண்டியது, ஒவ்வொரு பக்கத்திலும் தனியாகச் செயல்படும் மூன்று விசைகள். எஃப்5 அந்தப் பக்கத்தில் மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கும். எஃப்6 அந்தப் பக்கத்துக்கு மட்டும் பயாஸ் டிஃபால்ட், எஃப்7 அந்தப் பக்கத்துக்கு மட்டும் செட்டப் டிஃபால்ட். சிபியுவையும் ரேமையும் மற்றவற்றோடு இணைக்கும் சிப்செட்டுக்கான பக்கத்தைக் குழப்பிவிட்டால் மற்றவற்றை இழக்காமல் அதை மட்டும் மீட்கலாம்.

டிஸ்க்: எல்லைகள் வரிசை கட்டி நிற்கும் இடம்

பழைய பெட்டியில் புதிய டிஸ்க் மாட்டுகிறவர் அதிகம் அவதிப்படுவது இங்கேதான். ஐடிஇ எச்டிடி ஆட்டோ டிடெக்ஷன் என்ற மெனு, ஐடிஇ என்ற அந்தக் கால டிஸ்க் இணைப்பில் உள்ள ஒவ்வொரு டிரைவையும் கேட்டு, நார்மல், எல்பிஏ, லார்ஜ் என்று மூன்று முறைகளைக் காட்டும். எல்பிஏ என்பது செக்டார்களுக்கு வரிசை எண் கொடுத்துக் கணக்கிடும் முறை. அந்த வரியின் எண்ணை, வழக்கமாக 2, தட்டி என்டர் அழுத்த வேண்டும். நார்மல் முறையில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்ற கணக்கில் 528 எம்பிக்கு மேல் போகாது. லார்ஜ் என்பது எல்பிஏ தெரியாத பழைய டிரைவுகளுக்கான ஏற்பாடு.

ஒரு முறையில் பார்ட்டிஷன் போட்ட டிஸ்க்கை வேறு முறையில் இயக்கினால், சிலிண்டர் கணக்கு மாறி, "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்றோ குப்பை எழுத்துகளோ வரும். தரவு அழிந்திருக்காது. ஆனால் அந்த நிலையில் ஸ்கேன்டிஸ்க் ஓட்டினால் நிஜமாகவே அழியும். பழைய டிஸ்க்கை வேறொரு போர்டுக்கு மாற்றும் முன் முறையையும் சிலிண்டர், ஹெட், செக்டார் என்ற மூன்று எண்களையும் தாளில் குறித்துக்கொள்வது அரை நிமிட வேலை.

அடுத்த எல்லை 8.4 ஜிபி. டிஸ்க்கைப் படிக்கும் பயாஸ் சேவையான இன்ட் 13இன் விரிவாக்கம் இல்லாத பயாஸ்கள் இதோடு நின்றுவிடும். டாஸுக்கு மீதி இடம் தெரியவே தெரியாது. அதற்கடுத்தது 33.8 ஜிபி, இது அவார்டுக்கே உரிய வியாதி. சிலிண்டர் எண்ணிக்கை 65535ஐத் தாண்டும்போது கணக்கு உடைந்து, டிரைவைத் தேடும் இடத்திலேயே கம்ப்யூட்டர் உறைந்துபோகும். செட்டப்புக்குள்கூட நுழைய முடியாது. பொதுவாக 1999 ஜூனுக்கு முந்தைய அவார்டு பயாஸ்களில் இது இருக்கும். தேதியைத் தெரிந்துகொள்ள, தொடக்கத் திரையின் அடிப்பகுதியில் ஓடும் நீண்ட எண் வரிசையைப் பாருங்கள். அது மாதம், நாள், ஆண்டு என்று தொடங்கி, சிப்செட் பெயரோடு தொடரும். பாஸ்/பிரேக் விசையை அழுத்தினால் திரை நிற்கும், நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

உறைந்துபோவதற்குத் தீர்வுகள் நாலு. புதிய பயாஸ் கிடைத்தால் எழுதுவது முதல் வழி. டிரைவில் 32 ஜிபிக்குச் சுருக்கும் ஜம்பர் இருந்தால் போடலாம், மீதி இடம் வீண். டிரைவைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்தச் சேனலை செட்டப்பில் நன் (எதுவும் இல்லை) என்று வைத்துவிட்டால் லினக்ஸ் போன்றவை தாமாகவே டிரைவைக் கண்டுபிடிக்கும், ஆனால் அதிலிருந்து பூட் செய்ய முடியாது. நாலாவது, பிசிஐ என்ற, ஐஎஸ்ஏவுக்கு அடுத்து வந்த ஸ்லாட்டில் செருகும், சொந்த பயாஸ் உள்ள ஐடிஇ கார்டு. ப்ராமிஸ் அல்ட்ரா133 டிஎக்ஸ்2 போன்றவை 137 ஜிபி எல்லையையும் கடந்து வேலை செய்யும். நம் பரிந்துரை வேறு: டாஸ், விண்டோஸ் 98 பெட்டிக்கு 32 ஜிபிக்கு உட்பட்ட காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டையை ஐடிஇ அடாப்டரில் போட்டு எல்பிஏ முறையில் அமைத்துவிட்டால் இந்த எல்லைச் சண்டை எதுவும் கிடையாது. பெரிய டிஸ்க் போட்டாலும் விண்டோஸ் 98இன் சொந்த ஐடிஇ டிரைவருக்கு 137 ஜிபிக்கு மேல் தெரியாது. போர்டின் சேனலில் அதைத் தாண்டி எழுதினால் தொடக்கத்தில் இருக்கும் தரவின் மேலேயே எழுதிவிடும்.

பயாஸ் ஃபீச்சர்ஸ் பக்கம்

வைரஸ் வார்னிங்கை அணைத்துவிடுங்கள். டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள பூட் செக்டாரில் யாராவது எழுதினால் தடுக்கும் ஏற்பாடு அது. விண்டோஸ் நிறுவும்போது நிறுவியே அங்கே எழுத வேண்டியிருப்பதால் வேலை பாதியில் நின்றுபோகும். விண்டோஸ் தன் சொந்த டிரைவர் வழியாக எழுதும்போது இது கவனிப்பதும் இல்லை. தொந்தரவுக்குக் குறைச்சல் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

சிபியு அடிக்கடி கேட்பதை வைத்துக்கொள்ளும் அதிவேக நினைவகங்களான சிபியு இன்டர்னல் கேச், எக்ஸ்டர்னல் கேச் இரண்டும் எனேபிள்டு. எந்த வேலையும் ஆமை வேகத்தில் போகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு வரிகள். வேகமான சிபியுவில் தறிகெட்டு ஓடும் பழைய டாஸ் விளையாட்டுகளுக்காக இன்டர்னல் கேச்சை வேண்டுமென்றே அணைக்கிறவர்களும் உண்டு. அது நல்ல உத்திதான்.

பூட் சீக்வென்ஸ் இந்தப் பதிப்பின் பெரிய குறை. ஏ-சி-ஸ்கஸி, சிடிராம்-சி-ஏ, சி ஒன்லி (ஏ ஃபிளாப்பி, சி டிஸ்க், ஸ்கஸி இன்னொரு வகை டிஸ்க் இணைப்பு) என்று முன்கூட்டியே கட்டிவைத்த சேர்க்கைகளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நமக்கு வேண்டிய வரிசை அந்தப் பட்டியலில் இல்லையென்றால் இல்லைதான். 6.00பிஜி முதல், இரண்டாம், மூன்றாம் சாதனம் என்று தனித்தனியாகக் கேட்கிறது. பிசிஐ ஐடிஇ அல்லது சாட்டா கார்டில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய ஸ்கஸி முதலில் வரும் சேர்க்கையை எடுக்க வேண்டும். கார்டு ஸ்கஸி இல்லையே என்று குழம்ப வேண்டாம். தனக்கென பயாஸ் வைத்திருக்கும் எந்த டிஸ்க் கார்டையும் இந்த செட்டப் ஸ்கஸி என்றுதான் அழைக்கும்.

ஓஎஸ் செலக்ட் ஃபார் டிராம் என்ற வரி நான்-ஓஎஸ்2 (ஓஎஸ்/2 இயங்குதளம் இல்லை) என்றே இருக்க வேண்டும். செக்யூரிட்டி ஆப்ஷனில் செட்டப் என்றால் உள்ளே நுழையும்போது மட்டும் கடவுச்சொல், சிஸ்டம் என்றால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும். பயாஸை வேகத்துக்காக ரேமில் நகலெடுக்கும் ஷேடோ வரிகளில் வீடியோ பயாஸ் மட்டும் எனேபிள்டு போதும், சி8000 முதல் வருபவை அணைந்தே இருக்கட்டும். அழுத்திப் பிடித்த விசை திரும்பத் திரும்ப எழுதும் வேகத்தைக் கேட்கும் டைப்மேட்டிக் வகையறாவை எல்லாம் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

சிப்செட் பக்கம்: ஆசையும் ஆபத்தும்

நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்ளும் பக்கம் இது. எஸ்டிராம் காஸ் லேட்டன்சி, ராஸ்-டு-காஸ் டிலே, ராஸ் பிரீசார்ஜ் என்ற ரேம் காத்திருப்பு நேரங்கள் மூன்றும் 3 அல்லது 2 என்று கேட்கும். மூன்றையும் 2 ஆக்கினால் வேகம் கூடும், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி கூடாது. ரேம் அதைத் தாங்கவில்லை என்றால் விளைவு நேரடியாகவும் வராது. விண்டோஸ் 98 நிறுவும்போது கேப் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்ற பிழை, காரணமில்லாத "விண்டோஸ் புரொடெக்ஷன் எரர்", சுருக்கிய ஃபைல்கள் பழுது என்று வேறு வேஷத்தில் வரும். மக்கள் சிடியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2க்கு மாற்றுவதாக இருந்தால் முதலில் லேட்டன்சியை மட்டும் மாற்றி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஓர் இரவு முழுக்க ஓட்டி, ஒரு பிழைகூட இல்லை என்றால்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

ரேம் பாதி அளவே தெரிகிறது என்றால் செட்டப்பில் தேட வேண்டாம். இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டுக்கு 128 மெகாபிட்டுக்கு மேற்பட்ட ரேம் சிப்கள் தெரியாது. 256 எம்பி குச்சியில் பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப் இருந்தால் முழுதாகத் தெரியும். 8 சிப் மட்டுமே உள்ள குச்சி 128 எம்பியாகத்தான் தெரியும். எந்த அமைப்பாலும் இதை மாற்ற முடியாது. 430டிஎக்ஸ் போர்டில் வேறொரு சங்கடம்: முதல் 64 எம்பிக்கு மட்டுமே எக்ஸ்டர்னல் கேச் கிடைக்கும். 128 எம்பி போட்டால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதாகத் தோன்றுவது பிரமை இல்லை. விண்டோஸ் 9எக்ஸ் ரேமின் மேல் நுனியிலிருந்து பயன்படுத்தத் தொடங்குவதால் கேச் இல்லாத பகுதிதான் முதலில் செலவாகிறது. கே6-III போல எல்2 கேச் சிப்பிலேயே உள்ள சிபியு போட்டால் இந்தத் தொல்லை விலகும்.

மெமரி ஹோல் அட் 15எம்-16எம் டிசேபிள்டு. மிகச் சில ஐஎஸ்ஏ கார்டுகளுக்காக வைத்த ஓட்டை அது. தப்பித்தவறி எனேபிள் ஆகியிருந்தால், எவ்வளவு ரேம் போட்டிருந்தாலும் சில இயங்குதளங்களுக்கு 15 எம்பிதான் தெரியும். வீடியோ ரேம் கேச்சபிள் டிசேபிள்டு. சிஸ்டம் பயாஸ் கேச்சபிள் எப்படி இருந்தாலும் அன்றாடப் பயன்பாட்டில் வித்தியாசம் தெரியாது. டிலேய்டு டிரான்ஸாக்ஷன் எனேபிள்டு; மெதுவான ஐஎஸ்ஏ கார்டுக்காகப் பிசிஐ பாதை முழுக்கக் காத்து நிற்பதைத் தவிர்ப்பது அதுதான். கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட்டான ஏஜிபியின் அபர்ச்சர் வரி 64 என்றிருக்கட்டும். அந்த 64 எம்பி ரேமிலிருந்து பிடுங்கப்படுவதில்லை. அது முகவரி இடத்தை ஒதுக்குவதுதான், தேவைப்படும்போது மட்டும் ரேம் செலவாகும்.

சில போர்டுகளில், குறிப்பாக ஏபிட் பிஎச்6 போன்றவற்றில், சிபியு வேகத்துக்கென்றே சாஃப்ட்மெனு என்ற தனிப் பக்கம் உண்டு. ஜம்பரைக் கழற்றி மாட்டும் வேலை மிச்சம். செலரான் 300ஏ சிபியுவின் பெருக்கல் எண் 4.5இல் பூட்டியிருப்பதால், சிபியுவை மற்றவற்றோடு இணைக்கும் பஸ்ஸின் வேகத்தை 66இலிருந்து 100க்கு உயர்த்தினாலே 450 மெகாஹெர்ட்ஸ் வந்துவிடும். பிசிஐ வேகம் 33இலேயே நிற்கும் என்பதால் மற்ற கார்டுகளுக்கும் பாதிப்பில்லை. 440பிஎக்ஸ் போர்டில் 133க்குப் போவது வேறு கதை: ஏஜிபி 89 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிவரும், எல்லா கிராஃபிக்ஸ் கார்டும் அதைப் பொறுத்துக்கொள்ளாது.

ஐஆர்க்யூ பங்கீடு

பிஎன்பி/பிசிஐ கான்ஃபிகரேஷன் பக்கம் பலருக்குக் கிலி தருவது. புரிந்துகொண்டால் ஐந்து நிமிட வேலை. ஐஆர்க்யூ என்பது ஒரு கருவி சிபியுவின் கவனத்தைக் கூப்பிடும் கம்பி, மொத்தம் 16. 0, 1, 2, 8, 13 கணினிக்கே வேண்டும். ஃபிளாப்பிக்கு 6, பிஎஸ்/2 மவுஸுக்கு 12, ஐடிஇ இரண்டுக்கும் 14, 15. சீரியல் போர்ட்டுகளில் காம்1க்கு 4, காம்2க்கு 3, பிரிண்டர் போர்ட்டுக்கு 7. ஏசிபிஐ என்ற மின் மேலாண்மை ஏற்பாடு இருந்தால் 9ஐ அது எடுத்துக்கொள்ளும். மீதி 5, 10, 11. சவுண்டு, நெட்வொர்க், கிராஃபிக்ஸ், யூஎஸ்பி எல்லாம் இந்த மூன்றுக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

பிளக் அண்டு பிளே (தானாக அமைத்துக்கொள்ளும் வசதி, சுருக்கமாக பிஎன்பி) இல்லாத சவுண்டு பிளாஸ்டர் 16 கார்டு 220 போர்ட், ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் தரவை நகர்த்தும் பாதை) 1, உயர் டிஎம்ஏ 5 என்று ஜம்பரில் அமைந்திருக்கும். பயாஸுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. ஆகவே 5ஐத் தூக்கி ஒரு பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும், ஒலி ஒரு நொடி ஒலித்து நின்றுபோகும் அல்லது விளையாட்டு உறையும். இதைத் தடுக்க, ரிசோர்சஸ் கன்ட்ரோல்டு பை என்பதை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, ஐஆர்க்யூ-5, டிஎம்ஏ-1, டிஎம்ஏ-5 மூன்றையும் லெகசி ஐஎஸ்ஏ என்று ஒதுக்க வேண்டும். மற்றவை பிசிஐ/ஐஎஸ்ஏ பிஎன்பி என்றே இருக்கட்டும். பிறகு ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டாவை எனேபிள்டு என்று வைத்துச் சேமித்தால், பழைய பங்கீட்டுப் பட்டியல் அழிந்து அடுத்த இயக்கத்தில் புதிதாக எழுதப்படும். அந்த வரி தானாகவே டிசேபிள்டுக்குத் திரும்பிவிடும். மாற்றம் சேமிக்கப்படவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

பிஎன்பி ஓஎஸ் இன்ஸ்டால்டு என்ற கேள்விக்குப் பதில் கிட்டத்தட்ட எப்போதும் நோ. டாஸ், லினக்ஸ், விண்டோஸ் 2000 எல்லாவற்றுக்கும் அதுவே சரி. யெஸ் என்றால் பூட் செய்யத் தேவையானவற்றை மட்டும் அமைத்துவிட்டு மற்ற கார்டுகளை பயாஸ் கைகழுவிவிடும். விண்டோஸ் 98 அதைச் சமாளிக்கும், ஆனால் அதே பெட்டியில் தனி டாஸுக்குப் போனால் பிஎன்பி சவுண்டு கார்டு ஊமையாகிவிடும்.

இடம் போதவில்லை என்றால் இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ் பக்கத்தில் பயன்படுத்தாத காம்2ஐ அணைத்து 3ஐ மீட்கலாம். இரண்டாவது ஐடிஇ காலியாக இருந்தால் அதையும் அணைத்து 15ஐ மீட்கலாம். அசைன் ஐஆர்க்யூ ஃபார் விஜிஏவை அணைக்கும் ஆசை வேண்டாம், முப்பரிமாண கார்டுகளின் டிரைவர்கள் பல அதை எதிர்பார்க்கும். பல போர்டுகளில் ஏஜிபியும் அதற்கடுத்த பிசிஐ ஸ்லாட்டும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே நெட்வொர்க் கார்டைப் போட்டுவிட்டு செட்டப்பில் தலையை உடைத்துக்கொள்வதைவிட, கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுவது எளிது.

அதே பக்கத்தில் பிரிண்டர் போர்ட்டை ஈசிபி என்ற வேகமான முறையில் வைத்தால் அதற்கு ஒரு டிஎம்ஏ வேண்டும். 3 என்றே வையுங்கள், 1 என்றால் சவுண்டு கார்டோடு மோதும். பிரிண்டர் இல்லையென்றால் எஸ்பிபி என்ற சாதாரண முறை போதும். டிஸ்க் தரவை எந்த முறையில் நகர்த்துவது என்று கேட்கும் ஐடிஇ பிஐஓ, யூடிஎம்ஏ வரிகள் ஆட்டோ. ஆனால் செட்டப்பில் யூடிஎம்ஏ இருந்தால் மட்டும் போதாது. விண்டோஸ் 98இல் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு டிரைவுக்கும் டிஎம்ஏ கட்டத்தில் டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் படிக்கும்போதெல்லாம் மவுஸ் தடுக்கித் தடுக்கி நகரும்.

பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் சொல்ல அதிகம் இல்லை. தூக்க நிலைகளான டோஸ், ஸ்டாண்ட்பை ஆகியவற்றின் நேரங்களை டிசேபிள் செய்துவிட்டு, பணியை இயங்குதளத்திடம் விடுவது உத்தமம். ஒரே எச்சரிக்கை ஏசிபிஐ வரிக்கு: இயங்குதளம் நிறுவுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 2000 நிறுவிய பிறகு அதை மாற்றினால் நீலத் திரையில் நின்றுவிடும். அது வேறு நீலத் திரை.

போட்டியாளர்களோடு வைத்துப் பார்த்தால், ஏஎம்ஐயின் வின்பயாஸ் மவுஸும் சின்னப் படங்களும் வைத்து அழகாக இருக்கும். ஒரு தேர்வைச் சென்றடைய அதிக நேரம் பிடிக்கும், அழகுக்குக் கொடுக்கும் விலை. ஃபீனிக்ஸின் மேல்வரிசைப் பட்டியல் ஒழுங்கானது, வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓரளவு விளக்கமும் தரும். ஆனால் பெயர் பெற்ற நிறுவனங்களின் முழுக் கணினிகளில் அது வரும்போது சிப்செட் தேர்வுகள் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். தெரிந்தவர் கைக்கு அவார்டு, தெரியாதவர் கைக்கு ஃபீனிக்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பயாஸைப் புதுப்பிப்பது

டிஸ்க் எல்லை, புதிய சிபியு, ஏசிபிஐ கோளாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் தவிர இதைச் செய்யக் காரணமில்லை. மற்றபடி ஓடுகிற போர்டை ஓட விடுங்கள். முதலில், எழுதுவதைத் தடுக்கும் ஜம்பர் அல்லது செட்டப் வரி இருக்கிறதா என்று பார்த்து அதைத் தற்காலிகமாக விடுவிக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பப் பூட்ட வேண்டும். 1999 ஏப்ரல் 26இல் வெடித்த சிஐஎச் வைரஸ் பயாஸ் சிப்பையே அழித்தது இந்தப் பூட்டு திறந்திருந்த போர்டுகளில்தான்.

சிஸ்டம் ஃபைல்கள் மட்டும் உள்ள டாஸ் ஃபிளாப்பி தயார் செய்து, அதில் பயாஸை எழுதும் ஆவ்டுஃபிளாஷ் நிரலையும், போர்டின் மாடலுக்கும் திருத்த எண்ணுக்கும் சரியாகப் பொருந்தும் புதிய பயாஸின் .bin ஃபைலையும் போடுங்கள். டாஸின் நினைவக டிரைவர்களான ஹைமெம், இஎம்எம்386 எதுவும் ஏறக் கூடாது. நிரல் கேட்கும்போது பழைய பயாஸைச் சேமிக்க மறக்காதீர்கள். எழுதி முடித்து, மின்சாரத்தை நிறுத்தி, சிமாஸை அழித்து, லோட் செட்டப் டிஃபால்ட்ஸ் ஏற்றிய பிறகே டிஸ்க் விவரத்தைப் போட வேண்டும். புதிய பயாஸ் சிமாஸின் இடங்களை வேறு மாதிரி பயன்படுத்தும். பழைய மதிப்புகள் அப்படியே இருந்தால் விநோதமான கோளாறுகள் வரும்.

நடுவில் மின்சாரம் போனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அவார்டின் பூட் பிளாக் என்ற சின்னப் பகுதி வழக்கமாக அழிவதில்லை. அதற்குப் ஃபிளாப்பியும் ஐஎஸ்ஏ கிராஃபிக்ஸ் கார்டும் மட்டும்தான் தெரியும், ஏஜிபி, பிசிஐ கார்டுகளில் திரை இருண்டே கிடக்கும். ஐஎஸ்ஏ கார்டு இல்லையென்றால், வேறொரு கம்ப்யூட்டரில் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் ஆவ்டுஃபிளாஷ் கட்டளையை, கேள்வி கேட்காமல் எழுதும் பிஒய் விருப்பத்தோடு, போட்டு ஃபிளாப்பி தயாரித்து, கண்ணை மூடிக்கொண்டு இயக்கலாம். ஃபிளாப்பி டிரைவின் விளக்கு எரிந்து, படித்து, அணைந்தபின் சில நிமிடம் விட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து ஈப்ராம் புரோகிராமரில் எழுத வேண்டியதுதான்.